மூணு மா

தை பிறந்த பிறகு பெய்த மழை அது. சம்பா அறுவடைக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள்தான் பாக்கி. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்ற பயிர் இரண்டே ராத்திரியில் தண்ணீருக்குள் படுத்துவிட்டது. படுத்த கதிர் ஈரத்தில் கிடந்தால் வயலிலேயே முளை விட்டுவிடும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாங்கள் வேலை செய்யும் ஊர்களில் அந்த வாரம் வாய்க்கால் ஓரமாக நடந்தால், முளைத்த நெல்லின் புளிச்ச வாடை கூடவே வந்தது.

எங்கள் அறக்கட்டளையில் களப்பணி பார்க்கும் அக்கா ஐந்து ஊர்களுக்குப் போனார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்து, என்ன போனது, எவ்வளவு போனது என்று கேட்டுப் போனில் பதிவு செய்துகொண்டு வந்தார். குத்தகைக்குச் சாகுபடி செய்யும் ஒரு பெரியம்மா, வயது அறுபதைத் தாண்டியவர், அதில் சொன்னது இது: "மூணு மா முழுசா போச்சும்மா. இனிமே அறுத்தாலும் கூலிக்குக் காணாது."

அந்தப் பதிவை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு எழுத்தாக்கினேன். அதையே ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லி, நன்கொடையாளருக்குப் போகும் அறிக்கையில் சேர்த்தேன். ஆங்கிலத்தில் வந்தது இப்படி: அந்தப் பெண்ணின் மூன்று மாமரங்களும் அழிந்துவிட்டன, இனி அவற்றை வெட்டினாலும் வெட்டுக்கூலிக்குக்கூடத் தேறாது.

படித்துப் பாருங்கள், எங்காவது இடறுகிறதா? எனக்கு இடறவில்லை. மரத்தையும் அறுக்கலாம், நெல்லையும் அறுக்கலாம். இரண்டுக்கும் கூலி உண்டு. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது தென்னையும் மாவுமாக எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பதைக் கேள்விப்பட்ட எவருக்கும் இந்த வாக்கியம் நம்பும்படியாகவே இருக்கும். அறிக்கை அனுப்ப இன்னும் ஒரு நாள் இருந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. "நான் கேட்டுட்டு வந்ததை என்னன்னு எழுதியிருக்கே, ஒருக்கா தமிழ்ல சொல்லு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சொல்லிக்கொண்டே வந்தேன். மாமரம் என்றதும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவங்க வீட்ல ஏது மாமரம்? கொல்லையில ஒரு முருங்கை நிக்குது, அவ்வளவுதான்."

டெல்டாவுக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் நிலத்தைப் பேசும்போது ஏக்கர் என்று பேசுகிறவர்களைவிட மா என்று பேசுகிறவர்கள்தான் அதிகம். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்றால் ஏறக்குறைய 33 சென்ட். ஆக மூணு மா என்பது ஒரு ஏக்கர். அந்தப் பெரியம்மா சாகுபடி செய்த மொத்த நிலமே அவ்வளவுதான். வட்டிக்கு வாங்கி உழுது, நட்டு, உரம் போட்டு, களை எடுத்து, ஐந்து மாதம் காத்திருந்த ஒரு ஏக்கர் சம்பா, என் அறிக்கையில் மூன்று மாமரமாக நின்றது.

இயந்திரம் ஏன் அப்படிச் செய்தது என்று யோசித்தால் காரணம் எளிதாகவே பிடிபடும். அது கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருத்தம் என்று கணக்குப் போட்டு எழுதுகிறது. அது படித்தவற்றில் ஆங்கிலம் மலையளவு, தமிழ் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் வலையில் எழுதுகிறவர்களின் தமிழ்தான் இருக்கும். மாமரமும் மாங்காயும் அதில் ஏராளம். களத்துமேட்டில் நின்றுகொண்டு "மூணு மா போச்சு" என்று சொல்கிறவர்கள் எழுத உட்காரவில்லையே. தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லாமல், பொருத்தமாக ஒன்றைச் சொல்லிவிடுவது அதன் இயல்பு. மனிதர் உளறினால் பேச்சு தடுமாறும், எழுத்தில் தெரியும். இது தவறாக எழுதும்போதும் சரியாக எழுதும்போது இருக்கிற அதே தெளிவோடு எழுதுகிறது. எனக்குப் பயம் தந்தது இந்தத் தெளிவுதான்.

அதன் பிறகு பழைய அறிக்கைகளை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தோம். "காலனித் தெரு" என்று அக்கா குறித்திருந்த இடத்திலெல்லாம் குடியிருப்பு வளாகம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வந்திருந்தது. நகரத்தில் அந்தச் சொல்லை வாசிப்பவர் மனதில் வரிசையாகக் கட்டிய நடுத்தர வர்க்க வீடுகள் தோன்றும். எங்கள் ஊர்களில் அந்தச் சொல் யாரைக் குறித்தது, எப்படிக் குறித்தது என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். வசைச்சொல்லாகிவிட்டது என்பதால்தான் 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாங்களும் அதைக் குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டியிருந்தது. அதுவரை எழுதிவந்தது எங்கள் தவறு. ஆனால் மொழிபெயர்ப்பில் நடந்தது வேறு. ஊருக்கு வெளியே, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் குடியிருக்க வைக்கப்பட்டவர்கள் என்ற செய்தியே அதில் காணாமல் போயிருந்தது.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

நாங்கள் ஒன்பது பேர். அதில் எழுதுகிற வேலை என் தலையில். காலாண்டு அறிக்கை, ஆண்டு அறிக்கை, திட்ட முன்வரைவு, பயன்பாட்டுச் சான்று, கணக்குத் தணிக்கைக்கான விளக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். 2020இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது, வரும் நிதியில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த உச்சவரம்பை 20 சதவீதமாகக் குறைத்தார்கள். ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் தடை செய்தார்கள். பெரிய நிறுவனங்கள் வழியாகப் பணம் பெற்று வந்த எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்கு இது இரண்டு பக்கமும் இடித்தது. முன்பு எழுத்து வேலைக்கு இருவர் இருந்தோம், இப்போது நான் மட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஆங்கிலத்தில் நாற்பது பக்க விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருப்பவளுக்கு, பத்து நிமிடத்தில் முதல் வரைவு எழுதித் தரும் ஒன்று எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரிந்த நிறுவனங்களுக்கே நிதி போய்ச்சேரும் வழக்கத்தை இது கொஞ்சமாவது உடைக்கிறது. எக்செல் சூத்திரங்கள், நீளமான அரசாணையின் சுருக்கம், கூட்டக் குறிப்பை ஒழுங்குபடுத்துவது, ஆட்சியருக்கு எழுதும் மனுவின் நடை இவற்றுக்கெல்லாம் நான் அதைத் தினமும் பயன்படுத்துகிறேன். இனியும் பயன்படுத்துவேன்.

தேதி, தொகை, விகிதம் மட்டும் அதனிடம் கேட்பதில்லை. ஒருமுறை பயிர்க் காப்பீட்டுக்குத் துண்டறிக்கை தயார் செய்தோம். 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரிஃப் எனும் மழைக்காலப் பருவத்து உணவுப் பயிர்களுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ரபி எனும் குளிர்காலப் பருவத்துக்கு 1.5 சதவீதம். நெல் என்றதும் செயலி அதைக் காரிஃப் என்று எடுத்துக்கொண்டு 2 சதவீதம் என்று எழுதிவிட்டது. வடக்கே நெல் காரிஃப் பயிர்தான். ஆனால் ரபி கணக்கில் வரும் எங்கள் சம்பாவுக்கு இங்கே 1.5 சதவீதம். பதிவு செய்யக் கடைசி நாளையும் ஒன்று சொன்னது. அந்த நாளை அரசு ஒவ்வொரு பருவத்துக்கும் அறிவிக்கிறது, சில ஆண்டுகளில் மழையைப் பார்த்து நீட்டிக்கவும் செய்கிறது. இந்த வருஷத்துத் தேதி வேண்டுமென்றால் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துப் பலகையில்தான் பார்க்க வேண்டும். தேதி தப்பினால் ஒரு குடும்பத்துக்கு ஒரு போகத்துக்கான பாதுகாப்பே போய்விடும் என்பதால் இதில் எங்களுக்குள் விவாதமே இருக்கவில்லை.

விவாதம் வந்தது பட்டியலில்.

அந்தத் தை மழைக்குப் பிறகு 340 குடும்பங்களின் விவரம் கையில் இருந்தது. கிடைத்த நிதியோ 120 குடும்பங்களுக்குத்தான் போதும். யாருக்கு முதலில்? தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிடக் கனமான கேள்வி கிடையாது. உடன் வேலை செய்த ஒரு தம்பி, பொறியியல் படிக்கிறவர், விடுமுறைக்கு உதவ வந்தவர், "அக்கா, ஷீட்டை அப்படியே குடுத்து அதிகமாப் பாதிக்கப்பட்டவங்களை வரிசைப்படுத்தச் சொல்லலாம், நம்ம யாருக்கும் வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு பேச்சு வராது" என்றார். அந்த வாதத்தில் எனக்கு நியாயம் தெரிந்தது. நிவாரணம் கொடுக்கும்போது சொந்தக்காரர், சாதிக்காரர், கட்சிக்காரர் என்று எத்தனை கைகள் நடுவில் நீளும் என்பதை கஜா சமயத்தில் பார்த்திருக்கிறேன். மனிதர் கை படாத பட்டியல் நேர்மையாக இருக்கும் என்று ஒரு நிமிடம் நானும் நினைத்தேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வரிசை வந்துவிட்டது. மேலே இருந்தவர்கள் எல்லாரும் உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர்கள்தான். ஆனால் கீழே இருந்தவர்களைப் பார்த்த அக்கா பேசாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கடைசி அறுபது பேரில் அநேகமாக எல்லாருக்கும் ஒரு பொதுவான அடையாளம் இருந்தது: அவர்களுடைய கட்டங்கள் காலியாக இருந்தன. நிலத்தின் அளவு, பட்டா எண், அடங்கல், வங்கிக் கணக்கு எல்லாம் வெற்றிடம். தகவல் முழுமையாக இல்லாதவர்களின் இழப்பை உறுதி செய்ய முடியவில்லை என்று இயந்திரம் அவர்களைக் கீழே தள்ளியிருந்தது. கணக்குப்படி அது சரிதான்.

கட்டம் ஏன் காலி? வாய்வார்த்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவருக்குப் பட்டா கிடையாது. டெல்டாவில் பெரும் நிலப்பரப்பு கோயில்கள், மடங்கள், வெளியூரில் இருக்கும் உரிமையாளர்கள் பெயரில் இருக்கிறது. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அப்படியும் கேட்டால் நிலத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பதிவே செய்யாமல் உழுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு நிலம் என்ற கட்டமே பொருந்தாது; ஆனால் அறுவடை போனால் அவருக்கு ஒரு மாதத்துக் கூலி போனது. புருஷன் திருப்பூருக்குப் போய் மூன்று வருஷமாகத் திரும்பாத பெண்ணின் வங்கிக் கணக்கு செயலற்றுக் கிடக்கும். இந்தக் காலிக் கட்டங்களுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி எங்களுக்குத் தூரமில்லை. அந்தக் கொடுமைக்குப் பின் இந்தப் பகுதிக்கு வந்து தங்கி, 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிப் பதிந்து கொடுத்தவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். நிலம் என்ற கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயரை எழுதுவதற்காக ஆயுளையே செலவழித்தவர்கள் வாழ்ந்த மண் இது. அங்கே அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காகவே ஒருத்தியைக் கீழே தள்ளும் பட்டியலை நாங்கள் எப்படி ஏற்பது?

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கும் கோளாறும் இல்லை. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைக் கண்டுபிடிக்க வரித்துறை ஒரு கணினி மதிப்பீட்டு முறையை வைத்திருந்தது. டச்சுக் குடியுரிமை இல்லாதிருப்பதே அதில் சந்தேகத்தைக் கூட்டும் ஒரு காரணமாக இருந்தது. பல்லாயிரம் பெற்றோர் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டு, வாங்கிய உதவியை எல்லாம் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடனில் மூழ்கினார்கள். 2021 ஜனவரியில் அந்த அரசே பதவி விலகியது. வசதியும் கண்காணிப்பும் உள்ள நாட்டிலேயே தவறு வெளியே தெரிய இத்தனை வருஷம் ஆனது.

நாங்கள் அந்த வரிசையைத் தலைகீழாக எடுத்துக்கொண்டோம். காலிக் கட்டம் அதிகம் இருக்கும் வீட்டுக்கு அக்கா முதலில் போனார். எந்தெந்தக் கட்டம் யாருக்குக் காலி என்று பிரித்துக் காட்டும் வேலைக்கு அதே செயலிதான் உதவியது, அதை மறைக்க விரும்பவில்லை. யாருக்கு என்ற முடிவை நாங்கள் ஒன்பது பேரும் ஊரில் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக, இரண்டு நாள் பேசி எடுத்தோம். சண்டை வந்தது. ஒரு அண்ணன் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். விடுபட்டவர்கள் எங்கள் வாசலுக்கு வந்து கேட்டபோது யார் பதில் சொல்வது என்ற குழப்பம் மட்டும் வரவில்லை.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று தயங்கினேன். மற்ற அமைப்புகளில் வேலை செய்பவர்கள் வாசிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு சிறுமியின் வழக்கு விவரம், நான்கு பக்கம், கைப்பட எழுதியது. அதைச் சுருக்கித் தட்டச்சு செய்யும் வேலையை அலுவலகத்தில் ஒரு பிள்ளையிடம் கொடுத்திருந்தோம். கொடுத்தவள் நான். அது ஒரு இலவசச் செயலிக்குள் போய்விட்டது. "பேரை எடுத்துட்டுத்தான் போட்டேன் அக்கா" என்று அந்தப் பிள்ளை சொன்னபோது பொய் சொல்லவில்லை. பெயர் இல்லை. ஊர் இருந்தது, வகுப்பு இருந்தது, அப்பா என்ன வேலை, எந்த பஸ்ஸில் பள்ளிக்குப் போகிறாள் எல்லாம் இருந்தது. எண்பது வீடுகள் உள்ள ஊரில் இவ்வளவும் சொன்ன பிறகு பெயர் எதற்கு? நகரத்தில் பெயரை அழித்தால் ஆள் மறையலாம். கிராமத்தில் ஒருவரின் பாடுதான் அவருக்கு அடையாளம். "அரிசி ஆலையில கை போனவர் பொண்டாட்டி" என்றால் தாலுகா முழுக்கத் தெரியும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பெயர் மட்டுமின்றி முகவரி, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் தெரியவைக்கும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் அதையே வற்புறுத்துகிறது. செயலியில் போடுவது வெளியிடுவது ஆகுமா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். பல இலவசச் செயலிகளில், நாமாக அமைப்புக்குள் போய் அணைத்தாலொழிய, நாம் போடுவது அடுத்த பயிற்சிக்கு எடுக்கப்படலாம். போனதைத் திரும்பப் பிடிக்க முடியாது. அன்று அந்தப் பேச்சை அழித்தோம், கணக்கையே மூடினோம். அப்புறமும் பல ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் குழந்தைகள், குடும்ப வன்முறை தொடர்பான எந்தத் தாளும் எந்தச் செயலிக்குள்ளும் போகாது. பூட்டிய அலமாரி, இரண்டு சாவி. மெதுவாகத்தான் வேலை நடக்கிறது, நடக்கட்டும்.

பெரிய நிறுவனங்களே தடுமாறியிருக்கின்றன. 2022 ஜனவரியில் பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணினிகளுக்குள் யாரோ புகுந்தபோது, போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள் என 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அம்பலமாகின. உலகத்திலேயே மிக நிராதரவானவர்கள் நம்பிக் கொடுத்த விவரம் அது. நம் நாட்டிலும் 2023இல் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதற்கான விதிகள் வந்தன, அவை படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. தொண்டு நிறுவனம் என்பதால் அதில் நமக்கு விலக்கு கிடையாது. எதற்காகக் கேட்கிறோம் என்று புரியும் மொழியில் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே நாம் செய்திருக்க வேண்டியவைதான் இவை.

சென்ற ஆண்டு ஒருவர் எங்களுக்கு ஒரு யோசனை சொன்னார். பெண்கள் உதவி கேட்டுக் கூப்பிடும் எண்ணை வாட்ஸ்அப்பில் தானாகப் பதில் சொல்லும் இயந்திரத்திடம் விட்டுவிடலாம், ராத்திரியிலும் பதில் கிடைக்கும், சம்பளம் இல்லை. செயலாளர் அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. அப்போது நான் அவருக்குச் சொன்ன கதை அமெரிக்காவில் நடந்தது. உணவுக் கோளாறு நோயால் அவதிப்படுகிறவர்களுக்கான ஒரு தேசியத் தொண்டு நிறுவனம், இருபது வருஷத்துக்கு மேல் மனிதர்கள் நடத்திவந்த தொலைபேசி உதவி மையத்தை 2023இல் மூட முடிவெடுத்து, டெஸ்ஸா என்ற உரையாடல் இயந்திரத்தை முன்னால் வைத்தது. அது, சாப்பிடவே பயப்படும் நோயாளிகளிடம் எடையைக் குறைப்பது எப்படி, எத்தனை கலோரி குறைக்கலாம் என்று யோசனை சொன்னது. புகார்கள் வந்து மே மாத முடிவில் அதை இறக்கிவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அடிபட்டு நிற்கும் ஒரு பெண், "வீட்டுக்குப் போகலாமா வேண்டாமா" என்று கேட்டால் பதில் சொல்பவர் அந்த ஊரின் பாதை தெரிந்தவராக இருக்க வேண்டும். அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "சரி, வேணாம்" என்றார். 181 பெண்கள் உதவி எண்ணையும் 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டினோம். ராத்திரி அழைப்பை எடுக்க இரண்டு பேருக்கு முறை வைத்திருக்கிறோம்.

படங்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் முழுத்தெளிவு இல்லை. முகம் காட்ட விரும்பாதவர்களுக்குப் பதிலாக இயந்திரம் வரைந்த முகத்தைப் போட்டால் அவர்களைக் காப்பாற்றலாமே என்று தோன்றும். 2023இல் அம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு, கொலம்பியாவில் நடந்த போராட்டங்களைப் பற்றிய பதிவில் அதையே காரணமாகச் சொல்லிச் செயற்கைப் படங்களைப் போட்டது. உண்மையான கொடுமைக்கே பொய்ச்சாயல் வந்துவிடும் என்று கண்டனம் எழ, படங்களை எடுத்துவிட்டது. நாங்கள் இப்போதைக்கு முளைத்த கதிரை ஏந்திய கையை, வரப்பில் நடக்கும் முதுகை, தண்ணீர் நிற்கும் வயலைப் படம் எடுத்துப் போடுகிறோம். நிதி குறைவாக வருகிறதா என்றால், வரலாம்.

மாமரம் என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க அந்தப் பெரியம்மா வீட்டுக்கு நானே போனேன். அறிக்கை வெளியே போகவில்லை, அவருக்குத் தெரிய வாய்ப்பும் இல்லை. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. திண்ணையில் நெல்லைக் காயவைத்துக் கையால் துழாவிக்கொண்டிருந்தார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பிய நெல், மிஞ்சியது அவ்வளவுதான். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நீ எழுதலையா?"

"மிஷின் எழுதுச்சு பெரியம்மா. நான் சரியாப் பாக்கல."

"அது தப்பா எழுதிப்புட்டா யாரை வந்து கேக்குறது?"

"என்னைத்தான் கேக்கணும்."

அவர் நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தார். "உனக்கு வேலை மிச்சமாவுதுன்னா அதைப் போட்டுக்க, வேணாங்கல. ஆனா எழுதினப்புறம் எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டிட்டு அனுப்பு. நான் சொன்னதுதானான்னு நான் கேட்டுக்கறேன்."

எங்கள் அலுவலகத்தில் இப்போது இருக்கும் நடைமுறையில் பெரும்பகுதி இந்த வாசலில் இருந்து வந்தது. ஒலிப்பதிவும் தமிழ் எழுத்தும் ஆங்கிலத்தோடு சேர்ந்தே இருக்கும். மேற்கோள் குறிக்குள் வருவது அவர் வாயில் வந்த சொல்லாக மட்டுமே இருக்கும். "மனதைத் தொடும்படி எழுது" என்று சொன்னால் இந்தச் செயலிகள் யாரும் பேசாத பேச்சை அவர்கள் வாயில் வைத்துவிடுகின்றன, அதனால் அப்படிக் கேட்பதையே விட்டுவிட்டேன். செயற்கை நுண்ணறிவின் உதவியோடு எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டிச் சரிபார்த்தது என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுகிறோம். மா, குழி, கண்ணாறு, திடல், போகம் என்று எங்கள் பக்கத்துச் சொற்களுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். செயலியில் எதைப் போட்டாலும் அந்தச் சொல்பட்டியலையும் சேர்த்தே கொடுக்கிறோம். தவறுகள் குறைந்திருக்கின்றன. நோட்டை நடத்துவது அக்கா.

போன வாரம் புதிய விண்ணப்பத்துக்கான பக்கத்தை எடுத்துக்கொண்டு மறுபடி அந்தத் திண்ணைக்குப் போனேன். வாசித்தேன். "ஒரு ஏக்கர் சம்பா முழுவதையும் இழந்த விவசாயி" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"விவசாயின்னு மட்டும் போட்டா நெலம் என்னுதுன்னு நெனச்சுக்குவாங்க. குத்தகைன்னு எழுது. ஆறு மூட்டை அளக்கணும்னும் எழுது. பயிர் போனாலும் அளக்கணும்."

ஆறு மூட்டை விஷயம் அக்காவின் பதிவிலும் இல்லை, என் தாளிலும் இல்லை. பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் எழுதினேன். "இப்ப மொதல்லேர்ந்து வாசி" என்றார். வாசித்தேன்.